கடலின் விதைநிலமும் மலைநாட்டுக் கமக்காரரும்

உடப்புசல்லாவை மலைச்சாரல்களில் கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிடும் கமக்காரருட் பலர் கடலை அடிக்கடி காண்பவரல்லர். ஆயினும் அவர்தம் உணவில் கடலுக்கு நிலையான இடமுண்டு. தோட்டத்து லயன்களிலும் கிராமத்து வீடுகளிலும் சோற்றோடு உண்ணப்படும் நெத்தலியும் கருவாடும் மாசியும் கடல் தரும் பொருள்களே. இலங்கை மக்கள் பெறும் விலங்குணவுப் புரதத்திற் பாதிக்கு மேற்பட்டது மீனினாற் கிடைக்கின்றது. இறைச்சியும் முட்டையும் நாள்தோறும் வாங்க இயலாத குடும்பத்துக்கு ஒரு பிடி நெத்தலி செய்யும் உதவி பெரிது. நாட்டின் கடலிற் கிடைக்காத நெத்தலியும் கருவாடும் வெளிநாடுகளிலிருந்து விலைகொடுத்துத் தருவிக்கப்படுகின்றன. ஆகவே, கரையோரக் கடலில் மீன் குறைந்தால் அக்குறைவு மலைநாட்டு அடுப்படியையும் வந்து சேரும்.

மீன் குறையாதிருக்கும் பொருட்டுக் கடலின் சில பகுதிகள் சரணாலயங்களாகவும் தேசிய பூங்காக்களாகவும் ஒதுக்கப்பட்டுள்ளன. மீன்பிடிக்குக் காலமும் கருவியும் அளவும் விதிக்கப்பட்டுள்ளன. இவ்வேற்பாடுகள் எவ்வாறு பயன் தருகின்றன, எவ்விடத்திற் பயன் தரத் தவறுகின்றன, அவற்றில் மலைநாட்டுக் கமக்காரருக்கு உள்ள பங்கு யாது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

கரையோரக் கடலின் மூன்று வயல்கள்

கடல் எங்கும் ஒரே விதமாக விளைவதில்லை. ஆழ்கடலின் பெரும்பகுதி தரிசு நிலத்தைப் போன்றது. மீன்வளம் மிக்க பகுதிகள் பெரும்பாலும் கரையை அடுத்தே உள்ளன. அவற்றுள் முருகைக்கற் பாறைகளும், கடற்புற் படுகைகளும், களப்போரக் கண்டற் காடுகளும் மிக முக்கியமானவை.

முருகைக்கல் உயிரற்ற கல்லன்று. மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு கட்டும் வீடே அது. அவ்வுயிர்களின் உடலினுள் நுண்ணிய பாசி வகையொன்று குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிக் கொடுக்கின்றது. ஆதலால் முருகைக்கல் வளர்வதற்குத் தெளிந்த நீரும் போதிய வெளிச்சமும் இன்றியமையாதவை. அதன் பொந்துகளிற் கலவாய், விளைமீன், கிளிமீன், சிங்கி இறால் முதலியன ஒதுங்கி வாழ்கின்றன. கடற்புற் படுகை கடலின் மேய்ச்சல் நிலமாகும். கண்டல் வேர்களின் நடுவே இறாற் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குச் செல்லுகின்றன. கண்டற் களப்பை நாற்றுமேடை எனக் கருதினால் அதன் அருமை நெற்கமக்காரருக்கு எளிதில் விளங்கும். நாற்றுமேடை அழிந்த பின் வயலை எத்தனை தடவை உழுதாலும் பயனில்லை.

தாய்மீனே விதைநெல்

எத்துணை வறுமை வந்தபோதிலும் விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது உழவர் குலத்து ஒழுக்கம். கடலில் விதைநெல்லின் இடத்தைப் பெறுவது முதிர்ந்த தாய்மீனாகும். மீன் முதிர்ந்து பெருக்குந்தோறும் அதன் முட்டைகளின் தொகை மிகப் பெருகுகின்றது. செந்நிறமுள்ள பாறைமீன் வகையொன்றை ஆராய்ந்தவர், 61 சென்றிமீற்றர் நீளமுள்ள ஒரு தாய்மீன் இடும் முட்டைகள், 42 சென்றிமீற்றர் நீளமுள்ள 212 மீன்கள் இடும் முட்டைகளுக்குச் சமம் எனக் கணித்துள்ளனர். வலைகளும் தூண்டில்களும் முதலிற் கவர்ந்து செல்வது இத்தகைய பெருமீன்களையே. அவை தீர்ந்தபின் சிறுமீன்களைப் பிடிக்கக் கண்ணி நெருங்கிய வலைகள் இடப்படுகின்றன. அப்பொழுது விதைநெல்லோடு நாற்றும் அழிகின்றது.

கடலில் ஓரிடத்தை முற்றாக ஒதுக்கி, அங்கு எவரும் மீன்பிடியாது காத்தால், அவ்விடத்து மீன்கள் முதிர்ந்து பெருக்கின்றன. அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் நீரோட்டத்தோடு வெளியே பரவுகின்றன. இடம் நெருக்கமாகும்போது வளர்ந்த மீன்களும் எல்லையைத் தாண்டிச் சென்று, வெளியே காத்திருக்கும் கடற்றொழிலாளரின் வலையில் அகப்படுகின்றன.

இவ்வுண்மைக்குப் பிலிப்பைன் தேசத்துச் சுமிலோன் தீவு தெளிவான சான்றாகும். அத்தீவைச் சூழ்ந்த முருகைக்கற் பாறையின் ஒரு பகுதி 1974 ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கு மீன்பிடி நிகழவில்லை. 1984 ஆம் ஆண்டளவிற் காவல் தளர்ந்து, ஒதுக்கிடத்தினுள்ளும் மீன்பிடி தொடங்கியது. பிடிக்கும் பரப்பு விரிந்தமையால் வருவாயும் கூடும் எனப் பலர் எண்ணியிருக்கலாம். நேர்ந்ததோ அதற்கு மாறானது. இரண்டே ஆண்டுகளுக்குள் அத்தீவின் மொத்த மீன்பிடி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒதுக்கிடம் இருந்த காலத்திற் சிறு பரப்பிற் பிடித்த மீனே மிகுதியாக இருந்தது.

அதே தேசத்தின் ஆப்போ தீவில் 1982 ஆம் ஆண்டில் ஊர்மக்கள் சிறியதோர் ஒதுக்கிடத்தை அமைத்துத் தாமே காவல் புரிந்தனர். அங்கு மீன் பெருகியதோடு, ஒதுக்கிடத்தை அடுத்த நீரிலும் பிடிப்பு உயர்ந்தது.

இயற்கை எதிரிகளின் உதவி

பயிரை உண்ணும் புழுக்களைப் பறவைகளும் சிலந்திகளும் குளவிகளும் அழிக்கின்றன என்பதும், கண்மூடித்தனமாக நஞ்சு தெளித்து அவற்றைக் கொன்றால் புழு மேலும் பெருகும் என்பதும் கமக்காரர் அறிந்தவை. கடலிலும் இவ்விதி உண்டு. நியூசிலாந்திலே லீ என்னும் ஊரை அடுத்த கடற்கரை 1975 ஆம் ஆண்டிற் காப்பிடமாக்கப்பட்டது. அதற்கு முன்னர் பெருமீன்களும் சிங்கி இறால்களும் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டமையால், அவற்றுக்கு இரையாகும் கடல் முள்ளெலிகள் பெருகிக் கடற்பாசிக் காடுகளைத் தின்று தீர்த்திருந்தன. பாறைகள் வெறுமையாய்க் கிடந்தன. காவல் ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்தபின் பெருமீனும் சிங்கி இறாலும் பெருகின. முள்ளெலிகள் குறைந்து பாசிக்காடு மீண்டும் தழைத்தது.

வெப்பக் கடல்களில் கிளிமீன் முதலிய மேயும் மீன்கள் களையெடுப்போரைப் போல் உதவுகின்றன. முருகைக்கல்லின் மேற் படரும் பாசியை அவை தின்று துப்புரவாக்குவதாற் புதிய முருகைக் குஞ்சுகள் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கின்றது. அம்மீன்களைப் பிடித்துத் தீர்த்த இடத்திற் பாசி மூடி, முருகைக்கல் மீளாது போகின்றது.

இலங்கையின் கடற் காப்பிடங்கள்

இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ்ப் பல கடற் காப்பிடங்கள் உள்ளன. தென்மேற்குக் கரையில் இக்கடுவை 1979 ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 2002 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. கற்பிட்டிக் குடாநாட்டை அடுத்த பெரும் முருகைக்கற் பாறைத் தொகுதி 1992 இல் 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்போடு சரணாலயமாயிற்று. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் சூழவுள்ள கடலோடு சேர்த்து ஏறத்தாழ 471 ஹெக்டயர் பரப்புள்ள தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. அங்கு ஏறத்தாழ 100 வகை முருகைக்கற்களும், 300 வகைப் பாறைமீன்களும் கணக்கிடப்பட்டுள்ளன. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைக் கொண்ட கடற்பரப்பைத் தமிழ்நாட்டு அரசு 1986 இல் கடற் தேசிய பூங்காவாக்கியது. பாக்கு நீரிணையின் வடபால், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை அடுத்த கடற்புற் படுகைகள் 448 சதுர கிலோமீற்றர் அளவில், ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் பொருட்டு 2022 இல் ஒதுக்கப்பட்டன.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பிரகடனஞ் செய்தமையால் மாத்திரம் மீன் பெருகிவிடாது. இக்கடுவையில் முருகைக்கல்லைச் சுற்றுலாப் பயணிகள் மிதித்தும், படகுகள் உராய்ந்தும், மண்ணும் மணலும் மூடியும் கேடு விளைந்தது. கற்பிட்டிச் சரணாலயத்திற் பிரகடனத்தின் பின்னும் மீன்பிடி தொடர்ந்தது. புறாத்தீவிலும் போர் முடிந்தபின் பயணிகள் திரண்டமையால் ஆழங்குறைந்த இடத்து முருகைக்கற்கள் உடைந்தன.

எவ்வகைக் காவலாலும் தடுக்க இயலாத கேடு ஒன்றும் உண்டு. 1998 ஆம் ஆண்டிற் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால், இக்கடுவையிலும் கற்பிட்டியிலும் ஆழங்குறைந்த இடத்து முருகைக்கற்களிற் பெரும்பாலானவை வெளிறி மாண்டன. கற்பிட்டியின் சில இடங்களில் அவை சில ஆண்டுகளுள் மீண்டும் விரைந்து வளர்ந்து நம்பிக்கை தந்தன. 2016 ஆம் ஆண்டில் வெப்பம் மீண்டும் அவற்றைத் தாக்கியது. வரட்சி வந்த வயலை மழை மீட்பது போலக் கடலும் மீளக்கூடும். ஆனால் மீள்வதற்கு மேயும் மீன்களும் தெளிந்த நீரும் இருத்தல் வேண்டும். காப்பிடம் மீனைத் தரும். தெளிந்த நீரைத் தரவேண்டியவர் நிலத்தில் உள்ளவரே.

மீன்பிடி விதிகளும் கடற்றொழிலாளரும்

காப்பிடத்துக்கு வெளியேயுள்ள கடலும் விதியின்றி விடப்படவில்லை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன்பிடிப்பதைத் தடுக்கின்றது. கடலடியைச் சுரண்டி வாரும் இழுவைமடித் தொழில் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் விலக்கப்பட்டது. சிங்கி இறால் பெப்ருவரி, செத்தெம்பர், ஒற்றோபர் மாதங்களிற் பிடிக்கப்படலாகாது. சினை தாங்கிய சிங்கி இறாலை எக்காலத்தும் கடலில் விடவேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001 முதல் ஆண்டுதோறும் இழுவைப் படகுகள் 45 நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2017 முதல் அக்காலம் ஏப்பிரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாட்களாகியது.

இவ்விதிகள் நீரை முறைவைத்துப் பகிரும் ஒழுங்கை ஒத்தவை. போகத்துக்கு முன்னர்க் கமக்காரர் கூடி, குளத்து நீரைத் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானித்து, வட்டவிதானையின் மேற்பார்வையில் அதற்கு எல்லோரும் அடங்கி நடப்பது பண்டைய வழக்கம். ஒருவன் இரவில் மடையைத் திறந்தால் கடைசி வயல் காய்ந்துபோம். நீர்கொழும்புக் களப்பிலே கழிகளை நாட்டிக் கட்டும் வலைகளால் இறால் பிடிக்கும் கடற்றொழிலாளர், தேவாலயங்களைச் சார்ந்த தம் சங்கங்களிற் சீட்டுக் குலுக்கி, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என முறைவைத்துக் கொள்ளுகின்றனர். தலைமுறைகளாக நிலைத்துள்ள இவ்வழக்கம், தொழில் புரிவோர் தாமே ஒப்புக்கொண்ட விதி நெடுங்காலம் நிற்கும் என்பதைக் காட்டுகின்றது.

விதிகளின் சுமை முதலில் விழுவது சிறு தோணிக்காரர் மீதே என்பதையும் மறத்தலாகாது. கரைக்கு அண்மையிலுள்ள பாறை மூடப்பட்டால், அவர் தொலைதூரம் செல்ல மேலதிக எரிபொருள் வேண்டும். மீன்பிடி மூடிய மாதங்களில் வீட்டில் உலை வைக்க வேறு வழி வேண்டும். ஒதுக்கிடத்தின் பயன் தோன்றச் சில ஆண்டுகள் செல்லும். கடனோ அன்றைய தினமே கேட்கப்படும். ஆகவே, எல்லை குறிக்கும்போது அவர்களைக் கலந்தாலோசிப்பதும், இடைக்கால உதவி அளிப்பதும் நியாயமாவதோடு, காப்பிடம் நிலைபெறுவதற்கும் அவசியமாகும். இத்துணை இழப்பை அவர்கள் ஏற்றுக் காக்கும் கடலை நிலத்திலிருந்து வரும் சேறு கெடுப்பது முறையாகுமா என்பதே மலைநாட்டார் சிந்திக்கவேண்டிய வினாவாகும்.

மலையிலிருந்து கடலுக்குச் செல்வன

உடப்புசல்லாவை மலைகளிற் பெய்யும் மழைநீர் உமா ஓயா முதலிய கிளையாறுகளின் வழியாக மகாவலி கங்கையை அடைகின்றது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. உமா ஓயா நீரின் ஒரு பகுதி, 2024 இல் தொடங்கிவைக்கப்பட்ட பல்நோக்குத் திட்டத்தின் மூலம் சுரங்க வழியாகக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பப்பட்டுள்ளது. அது தென்கிழக்கு வயல்களுக்குப் பாய்கின்றது. எனவே இம்மலைப் பிரதேசத்தின் நீர் இன்று இரு வேறு கரைகளோடு தொடர்புடையது.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் இச்சாரல்களில் மழை மிகும். சரிவுக்கு நேர்கீழாகப் பாத்தி பிடித்த நிலத்தில், உருளைக்கிழங்கு கிண்டிய கையோடு மழை பெய்யுமாயின், ஓடை செந்நிறமாவதைக் காணலாம். அச்செந்நிறமே கமக்காரரின் மேல்மண். ஓர் அங்குல மேல்மண் இயற்கையாக உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அம்மண்ணிற் பெரும்பகுதி முதலில் நீர்த்தேக்கங்களிற் படிகின்றது. உமா ஓயா வந்து சேரும் ரன்தம்பை நீர்த்தேக்கம் 1990 இல் இயங்கத் தொடங்கியது. அது விரைவாகச் சேறு தூர்ந்தமைக்கு மேல்நிலத்து மண்ணரிப்பே காரணமாகும். நீர்த்தேக்கம் தூர்ந்தால் மின்சாரமும் வயலுக்கான நீரும் குறையும்.

கனத்த மண் தேங்கினும் நுண்ணிய சேறும், நீரிற் கரைந்த பசளைச் சத்தும் வெள்ளத்தோடு அப்பாற் செல்லும். வழியிலுள்ள வயல்களும் ஊர்களும் தத்தம் கழிவை அதனோடு சேர்க்கும். சேறு கடல்நீரைக் கலக்கும்போது முருகைக்கல்லுக்கும் கடற்புல்லுக்கும் வெளிச்சம் குறைகின்றது. முருகைக்கல்லின் மேற் படியும் சேறு அதனை மூச்சுமுட்டச் செய்கின்றது. பசளைச் சத்து மிகுந்த நீரிற் பாசி பொங்கி வளர்ந்து முருகைக்கல்லை மூடுகின்றது. களப்புகளிற் பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் மடிவதும் உண்டு. ஒரு தோட்டத்து மண் ஒரு பாறையை அழித்தது எனக் கூறுவதற்கில்லை. ஆயிரம் தோட்டங்களின் சேறு ஓராற்றிற் கூடும்போது கடலுக்கு அது பெருஞ்சுமையாகின்றது.

நெல் வயலின் கழிவுநீரும் கடல்வளத்தை மாற்ற வல்லது. அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பூந்தலைக் களப்புகள் இலங்கையிலிருந்து முதன்முதலாக, 1990 இல், சருவதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பதிவு பெற்றன. 1993 இல் அப்பகுதி தேசிய பூங்காவாயிற்று. ஆயினும், லுணுகம்வெகெர நீர்த்தேக்கத்தினாற் பாசனம் பெற்ற வயல்களின் வடிகால்நீர் எம்பிலிக்கலை, மலலை ஆகிய களப்புகளிற் பாய்ந்தது. நன்னீர் மிகுந்து உப்புத்தன்மை குறைந்தமையால், அங்கு முன்னர்ச் செழித்திருந்த இறால் பிடிப்பு வீழ்ச்சியுற்றது. அக்களப்பைப் பூங்காவின் வேலி காத்தது. வாய்க்கால்வழி வந்த நீரை அவ்வேலியால் தடுக்க இயலவில்லை. கடற் காப்பிடத்தின் எல்லை வலையைத் தடுக்குமேயன்றி ஆற்றைத் தடுக்காது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

கமக்காரர் கைக்கொள்ளத்தக்க முறைகள்

கடலுக்கு நன்மை தரும் கீழ்க்காணும் முறைகள் யாவும் முதலிற் கமக்காரரின் நிலத்துக்கே நன்மை தருவன. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இதுவே.

1. சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஒட்டிப் பாத்திகளும் வரம்புகளும் அமைத்தல் வேண்டும். மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தல் மண்ணை ஓடையிற் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

2. தேயிலை மலையிற் கான் வெட்டுவது போலக் காய்கறி நிலத்திலும் கான் வெட்டி, அதனுள் இடையிடையே மண் தேங்குவதற்குக் குழிகள் விடவேண்டும். மழைக்குப் பின் குழியிற் சேர்ந்த மண்ணை வாரி மீண்டும் பாத்தியில் இடல் வேண்டும்.

3. கல் மிகுந்த இடங்களிற் கற்கட்டுகளையும், ஏனைய இடங்களில் வெட்டிவேர், மானாப்புல், குவாத்தமாலாப் புல் ஆகியவற்றுள் இடத்துக்கு ஏற்றதையும் வரம்போரத்தில் அமைக்கலாம். குவாத்தமாலாப் புல் மாட்டுக்குத் தீவனமாகவும் உதவும்.

4. அறுவடைக்கும் அடுத்த நடுகைக்கும் இடையில் நிலத்தை வெறுமையாக விடலாகாது. வைக்கோல், காய்ந்த புல், பயிர்க்கழிவு ஆகியவற்றால் மூடிவைத்தல் நன்று. பெருமழை எதிர்பார்க்கப்படும் வாரங்களிற் கிழங்கு கிண்டுவதை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும்.

5. மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளை இடல் வேண்டும். மலைநாட்டுக் காய்கறி நிலங்கள் பலவற்றிற் பொசுபரசுச் சத்து ஏற்கெனவே மிகுதியாகச் சேர்ந்துள்ளது. அச்சத்து மண்துகளோடு ஒட்டி ஓடும். நைதரசனோ நீரிற் கரைந்து ஓடும். தேவைக்கு மேல் இடும் பசளை பணத்தை ஆற்றில் எறிவதாகும். கோழி எருவையும் கணக்கிற் சேர்த்து, நன்கு உக்கிய பின் பயன்படுத்தல் வேண்டும்.

6. ஓடையின் இரு கரையிலும் மரமும் புல்லும் அடர்ந்த கீற்று ஒன்றை உழாது விடல் வேண்டும். கடலிற் காப்பிடம் ஒதுக்குவது போல நிலத்தில் ஒதுக்கவேண்டிய காப்பிடம் இதுவே.

7. பீடைகொல்லித் தெளிகருவிகளை ஓடையிற் கழுவுதலும், வெறும் போத்தல்களை நீரில் எறிதலும் அறவே விலக்கத்தக்கவை.

8. நெல் வயலில் வரம்பை உயர்த்தி நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுதல் வேண்டும். பசளை இட்ட சில நாட்களுக்கு வடிகாலைத் திறவாதிருத்தல் சத்து வீணாவதைத் தடுக்கும்.

கான் அமைத்தல், மண் பரிசோதனை, பசளையின் அளவு முதலியவை பற்றி அந்தந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறலாம். ஓரோடையை அடுத்துள்ள கமக்காரர் ஒன்றுகூடி இவற்றை ஒரே காலத்திற் செய்தாற் பயன் பன்மடங்காகும். மேல் நிலத்தார் கான் வெட்டாதிருக்கக் கீழ் நிலத்தார் மாத்திரம் வெட்டினால், முதற் பெருமழையிலேயே அது தூர்ந்துபோம்.

கடற்றொழிலாளர் தாய்மீனை விட்டுவைக்கின்றனர். மூடிய காலத்திலே தோணியைக் கரையில் ஏற்றி வைக்கின்றனர். அவர்தம் பொறுமை பயன்பெறுவதற்கு மலையிலிருந்து தெளிந்த நீர் செல்லவேண்டும். எதிர்வரும் வாடை மழைக்கு முன்னரே உடப்புசல்லாவைக் கமக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தின் கான்களைத் துப்புரவாக்கி, வரம்புகளைச் சீர்செய்து வைப்பாராக. அவ்வாறு காக்கப்படும் மண் அவர்தம் பயிரை வளர்க்கும். மண் கலவாது ஓடும் நீர் மீனை வளர்க்கும்.